வேற்றுமை உண்டு, அஃது எத்துணை?

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் நாம் புள்ளியியலைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நம் கல்லூரி அன்பர் சிலர் நகைத்தல் கூடும். கணித வகுப்பறையின் வாயிலையும் மிதியாதவர்க்கு இஃது எற்றுக்கு என வினவுதலும் கூடும். சென்ற ஆண்டு நாட்டு நலப்பணி முகாமின்பொருட்டுப் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் தங்கியிருந்தபோது நேர்ந்த ஒரு தவறே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. தவறு நம்முடையதே ஆகலின் அதனை மறையாது முன்னரே கூறிவிடுகின்றோம்.

அவ்வூரில் வீடுதோறுஞ் சென்று ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளை எண்ணும் வேலை நம் குழுவிற்கு வாய்த்தது. எண்ணி முடித்தபோது குழந்தைகள் சரியாக 100 பேர். பெண் 45, ஆண் 55. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் எத்துணையர் என்று கூறுவது குடிக்கணக்கின் வழக்கு. அம்முறையில் வகுத்துப் பார்க்க 818 வந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தருமபுரி மாவட்டத்திற்கு உரிய எண் 913. உடனே நாம் முகாம் அறிக்கையில், "இவ்வூரில் பெண்மகவு மாவட்டத்தினும் பெரிதும் அருகியுளது, பழைய கொடுமை மீண்டும் தலையெடுத்துளது" என்று உணர்ச்சி மேலிட எழுதிவிட்டோம். அறிக்கையைப் பார்வையிட்ட புள்ளியியல் பேராசிரியர் அவ்வரியின்கீழ்க் கோடிட்டு, ஓரத்தில் இரண்டே வினாக்களை எழுதித் திருப்பியனுப்பினார். "இது தற்செயலாய் நேர்ந்திருக்கக் கூடாதா? தற்செயல் அன்றெனின், எத்துணைப் பெரிது?"

"இரண்டும் ஒரே வினாத்தானே, ஐயா?" என்று அவரிடமே சென்று கேட்டோம்.

"ஒன்றென்று எண்ணிக்கொண்டுதான் பாதிப்பேர் ஆராய்ச்சி எழுதுகிறார்கள், அம்மா. உட்கார்" என்றார்.

அன்று மாலை அவரிடம் கேட்டறிந்ததையும், பின்னர் நூலகத்தில் தேடிக் கண்டதையும், நம் மாவட்டத்துக் கணக்கை வைத்துக்கொண்டே ஈண்டு எழுதுகின்றோம்.

முதல் வினா எளிது. ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் சரியாக 50 தலையும் 50 பூவும் விழும் என்று எவரும் எதிர்பாரார். 45-உம் 55-உம் விழுதல் மிக இயல்பு. மகப்பேறும் ஒருவகையில் அத்தகையதே. நூறு குழந்தைகளுள் 45 பெண் என்னும் கணக்கிலிருந்து அவ்வூரின் உண்மை இயல்பை மதிப்பிடப் புகின், நூற்றுக்கு 35 முதல் 55 வரை எதுவும் ஆகலாம் என்றே விடை வருகின்றது. அதனை ஆயிரத்திற்கு இத்துணை என மாற்றினால் ஏறத்தாழ 540 முதல் 1220 வரை விரியும். அதாவது, அவ்வூரில் பெண்மகவு கொடிதாய் அருகியிருத்தலும் ஆகும். ஆண்மகவினும் மிக்கிருத்தலும் ஆகும். நாம் எண்ணிய எண் இரண்டற்கும் இடந்தருகின்றது. நம் சீற்றமெல்லாம் ஒரு நாணயச் சுண்டலின்மேல் எழுந்த சீற்றமாய் முடிந்தது!

இங்ஙனம் தற்செயலா அன்றா என ஆராயும் முறையை உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்து நாட்டு ரொனால்டு பிஷர் என்பார். 1925-இல் ஆராய்ச்சியாளர்க்கென அவர் வெளியிட்ட நூலில், இருபதில் ஒன்றாகிய 0.05 என்னும் எல்லை தக்கதோர் எல்லையாகக் கூறப்பட்டது. வேற்றுமை யாதும் இல்லை என்றே கொண்டு, அங்ஙனமாயின் நாம் கண்ட அளவோ அதனினும் மிக்கதோ தோன்றுதற்கு உள்ள வாய்ப்பைக் கணித்து, அவ்வாய்ப்பு 0.05-இற் குறைந்தால் தற்செயல் என்னும் கருத்தைக் கைவிடுதல் அம்முறை. ஆங்கிலத்தில் அந்நிலையை 'ஸிக்னிபிகண்ட்' என்பர். இச்சொல்லால் விளைந்த இடர் பெரிது. பேச்சுவழக்கில் அதற்கு 'முக்கியமான', 'குறிப்பிடத்தக்க' என்பன பொருள். புள்ளியியலாரோ 'தற்செயலென்று தள்ளுதற்கு அரிய' என்னும் பொருளில் மட்டுமே ஆள்கின்றனர். தமிழ்ப் பாடநூல்கள் அதனை 'மிகைகாண் சோதனை' என்று மொழிபெயர்த்தன. ஒற்று மிகும் மிகாது என்று நாள்தோறும் வாதிடும் நமக்கு 'மிகை' என்றவுடன் ஏதோ ஒன்று மிகுந்துவிட்டது என்றே தோன்றுகின்றது. சோதனை கூறுவதோ மிகுதியை அன்று. ஒரு சொல்லின் நிழல் ஓர் அறிவுத்துறையையே மயக்கக் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் கண்டிலேம்.

மயக்கம் எங்குள்ளது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். இரு வகுப்பினர் ஒரே தேர்வை எழுதினர் என்றும், ஒரு வகுப்பின் சராசரி 50, மற்றதன் சராசரி 52 என்றும், மதிப்பெண்களின் திட்டவிலக்கம் இரண்டிலும் 10 என்றும் வைத்துக்கொள்வோம். வகுப்பிற்கு 20 மாணவராயின் இந்த 2 மதிப்பெண் வேற்றுமை சோதனையில் நில்லாது; தற்செயல் என்றே தள்ளப்படும். வகுப்பிற்கு 2,000 மாணவராயின் அதே 2 மதிப்பெண் ஐயத்திற்கு இடமின்றி நிலைத்துவிடும். வேற்றுமை வளர்ந்ததா? இல்லை, எண்ணப்பட்டோர் தொகையே வளர்ந்தது. ஆகவே சோதனையின் விடை, வேற்றுமையின் பெருமையையும் எண்ணினோர் தொகையையும் ஒருசேரக் குழைத்துத் தரும் கலவை. அக்கலவையிலிருந்து பெருமையை மட்டும் பிரித்தெடுத்துக் கூறும் அளவையே விளைவின் அளவு, சுருக்கமாக விளைவளவு, எனப்படுவது.

இப்பிரிவினையைத் தெளிவுறக் கண்டவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் முன்னணியில் நிற்றல் நாம் எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்தது. கல்கத்தாப் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அந்நகரில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை ஆராய்ந்து 1922-இல் கட்டுரை வெளியிட்டவர். இரு மக்கட் கூட்டத்தார் உடலமைப்பில் எத்துணை நெருங்கியவர், எத்துணை விலகியவர் என்று கூறுதற்குக் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் ஒரு கெழுவை வகுத்திருந்தார். அக்கெழு அளக்கப்பட்டோர் தொகை ஏற ஏறத் தானும் ஏறுகின்றது என்னும் குறையை மகலனோபிஸ் எடுத்துக்காட்டினார். ஆயிரவரை அளந்தவுடன் இரு கூட்டத்தார் ஒருவரையொருவர் விட்டு மேலும் விலகிப் போவதில்லை அன்றோ? 1930-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே கூட்டங்களின் விலக்கத்தைக் காணும் 'சோதனைகளும் அளவைகளும்' என்று இரண்டனையும் வேறுவேறாய் நிறுத்தியது. 1936-இல் வெளிவந்த அவரது 'தொலைவு' என்னும் அளவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆளெண்ணிக்கை பெருகுவதால் மட்டும் அத்தொலைவு பெருகாது. மதிப்பீடு உறுதிப்படும், அவ்வளவே.

உளவியல் போன்ற துறைகளில் விளைவளவைப் பழக்கத்திற்குக் கொணர்ந்தவர் அமெரிக்கரான ஜேக்கப் கோஹன். 1969-இல் வெளிவந்த அவர் நூல் பலரும் அறிந்தது. இரு சராசரிகளின் வேற்றுமையைத் திட்டவிலக்கத்தால் வகுத்துக் கூறுவது அவர் முறை. மேற்காட்டிய வகுப்புகளில் 2-ஐ 10-ஆல் வகுக்க 0.2 வரும். மாணவர் 20 ஆயினும் 2,000 ஆயினும் அது 0.2-ஏ. இதன் பொருளை வேறொரு வகையாலும் உணரலாம். மதிப்பெண்கள் இயல்பாய்ப் பரவியிருப்பின், உயர்ந்த வகுப்பிலிருந்து ஒருவரையும் தாழ்ந்த வகுப்பிலிருந்து ஒருவரையும் குருட்டாம்போக்கில் அழைத்து நிறுத்தினால், 100 முறைகளில் ஏறத்தாழ 56 முறை முன்னவர் மதிப்பெண் மிக்கிருக்கும். 44 முறை பின்னவர் வென்றுவிடுவார். இரு வகுப்புகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்தே கிடக்கின்றன என்பது இதனாற் புலனாம்.

0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்று கோஹன் ஒரு வாய்பாடும் தந்தார். கண்ணாற் காண உதவியாக மங்கையர் உயரத்தை எடுத்துக்காட்டினார். 15 வயதினர்க்கும் 16 வயதினர்க்கும் உள்ள உயர வேற்றுமை சிறிது. 14 வயதினர்க்கும் 18 வயதினர்க்கும் உள்ளது நடுத்தரம். 13-க்கும் 18-க்கும் உள்ளது பெரிது. வேறு நல்ல அடிப்படை கிட்டாதவிடத்து மட்டுமே இவ்வாய்பாட்டைக் கொள்க என்று அவரே எச்சரித்தும் வைத்தார். வாய்பாட்டை மனப்பாடஞ் செய்தோர் பலர். எச்சரிக்கையைப் படித்தோர் சிலரே போலும்.

திட்டவிலக்கத்தால் வகுத்தல் எங்கும் வேண்டுவதுமன்று. அளக்கும் அலகு தானே பொருள் பேசுமாயின் அதனை அங்ஙனமே விட்டுவிடுதல் நேர். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிக்கு, பல்லில் கறையும் எலும்பில் நோவும் தந்துவந்தமை எவரும் அறிந்தது. 2013-இல் தொடங்கிவைக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் அதன்பொருட்டே எழுந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஓர் ஊர்க் கிணற்றில் 4 மில்லிகிராம் இருந்து, குழாய்நீர் வந்தபின் 1 ஆயிற்றெனின், '3 மில்லிகிராம் குறைந்தது. எல்லைக்குள் வந்தது' என்றாலே போதும். அதனை 'இத்துணைத் திட்டவிலக்கம்' என மாற்றிச் சொல்லுதல் தெளிந்த நீரைக் கலக்குவதாம்.

நிற்க. இனி நாம் எடுத்துக்கொண்ட கணக்கிற்கு வருவோம். தருமபுரி 1965-இல் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004-இல் அதனின்று கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவோர் எல்லை மாறியதை மறத்தலாகாது. இன்றைய எல்லைக்குள் அடங்கும் பகுதிக்குக் கணக்கிட்டால், 2001-இல் ஆறு வயதுவரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் 826. தமிழ்நாடு முழுமைக்கும் அதே ஆண்டில் 942. பெண்சிசுக்கொலைக்குப் பெயர்போன மாவட்டங்களுள் நம் மாவட்டமும் ஒன்றாக எண்ணப்பட்டதற்கு இவ்வெண்ணே சான்றாய் நின்றது.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையின் விளைவளவு யாது? விகிதங்களை ஒப்பிடுதற்கும் கோஹன் ஓர் அளவை வகுத்துளர். நூற்றுவீதம் 0-க்கோ 100-க்கோ அருகில் வரும்போது சிறு வேற்றுமையும் கனத்தது. நடுவில் அத்துணைக் கனமில்லை. அதனைச் சரிசெய்ய ஒவ்வொரு விகிதத்தையும் ஒரு கோணமாக மாற்றி, கோணங்களைக் கழிப்பர். 826-க்கு 1,000 எனின் மொத்தக் குழந்தைகளுட் பெண்பங்கு 0.452, 942-க்கு 1,000 எனின் 0.485. பங்கின் வர்க்கமூலத்தைச் சைன் மதிப்பாகவுடைய கோணத்தை இரட்டிக்க, முறையே 1.475, 1.541 வருகின்றன. கழித்தால் 0.066. கோஹன் வாய்பாட்டில் 'சிறிது' என்பதே 0.2-இல் தொடங்குகின்றது. நம் மாவட்டத்தின் பெண்மகவுக் குறையோ அதில் மூன்றிலொரு பங்கு!

இவ்விடை வந்தபோது நாம் கணக்கில் பிழைசெய்தோம் என்றே எண்ணி மும்முறை போட்டுப் பார்த்தோம். பிழையில்லை. ஒரு நாடே நாணித் தலைகுனிந்த செய்தி வாய்பாட்டின் கண்ணில் 'சிறிதினும் சிறிது'. பேராசிரியரிடம் ஓடினோம். அவர் வாய்பாட்டைப் பற்றி ஒன்றுங் கூறாது, "தலைகளை எண்ணிப் பார்" என்று மட்டும் சொன்னார்.

எண்ணினோம். 2011 கணக்கின்படி தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுவரையுள்ள ஆண் குழந்தைகள் 87,777. பெண் குழந்தைகள் 80,163. விகிதம் 913. பத்தாண்டில் 826-லிருந்து 913-க்கு உயர்ந்த இவ்வுயர்வும் கோஹன் அளவையில் 0.05 அளவினதே. ஆயினும் 826 என்னும் பழைய விகிதமே 2011-இலும் நீடித்திருக்குமாயின், அத்துணை ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 72,500 பேரே இருந்திருப்பர். உண்மையில் இருந்தோர் அதனினும் 7,650 பேர் மிகுதி. அக்கணக்கெடுப்பின்போது நமக்கு ஐந்து வயது. வீட்டுத் திண்ணையில் தாளும் எழுதுகோலுமாய் அமர்ந்திருந்த கணக்கெடுப்பாளர்க்கு நம் பாட்டியார் மோர் கொடுத்தது மங்கலாய் நினைவிருக்கின்றது. 80,163 என்னும் அத்தொகையில் நாமும் ஒன்று. 7,650 பேரை வரிசையாய் நிறுத்தினால் அவ்வரிசையில் நாம் நிற்போமா, அன்றி எவ்வாறாயினும் பிழைத்திருப்போமா என்பதை எக்கணக்கும் கூறாது. அதனை 'மிகச் சிறிது' என்று எழுத மட்டும் நமக்குக் கை வரவில்லை.

குறையை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்பதும் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டின் 2011 விகிதம் 943. அதனோடு ஒப்பிட்டால் தருமபுரியில் அவ்வாண்டு குறைந்த பெண் குழந்தைகள் ஏறத்தாழ 2,600. ஆனால் தமிழ்நாட்டு விகிதமே குறையற்றது என எவர் கூறினார்? மனிதர் தலையீடு இல்லாதவிடத்து 100 பெண்மகவுக்கு ஏறத்தாழ 105 ஆண்மகவு பிறத்தல் பொதுவியல்பு; அதாவது ஆயிரத்திற்கு 952. அதனை அடிக்கோலாகக் கொண்டால் குறை ஏறத்தாழ 3,400 ஆகிவிடும். குழந்தைகள் அவர்களே, அளக்கும் கோலே மாறிற்று. விளைவளவைக் கூறுவோர் எதனினின்று அளந்தனர் என்பதையும் உடன் கூறுதல் கடன்.

இவ்வாறு வாய்பாடு பொய்த்தது நம் மாவட்டத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க மருத்துவர் 22,071 பேரிடம் நடத்தப்பெற்ற ஒரு சோதனையின் முடிவு 1988-இல் வெளியாயிற்று. அவர்களுள் 11,037 பேர் ஒன்றுவிட்டொருநாள் ஆஸ்பிரின் உட்கொண்டனர். 11,034 பேர் மருந்தற்ற போலி மாத்திரை உட்கொண்டனர். முன்னவருள் 104 பேர்க்கும் பின்னவருள் 189 பேர்க்கும் மாரடைப்பு வந்தது. மருந்திற்கும் நோய்க்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவைக் கணித்தால் 0.034. ஒன்று என்பதை முழுமையாகக் கொள்ளும் அளவையில் இஃது ஏறக்குறையப் பூச்சியம். ஆயினும் அந்த முடிவைக் கண்ட மருத்துவ உலகம் அதனைப் பூச்சியம் என்று தள்ளவில்லை. ஆஸ்பிரின் பற்றிய அப்பகுதியை முன்னதாகவே நிறுத்தி முடிவை வெளியிட்டனர்.

இதே செய்தியைக் கூறும் வகைகளைக் காண்மின். 'மாரடைப்பு நூற்றுக்கு 45 குறைந்தது' என்னலாம். மருந்து விற்போர் இவ்வாறே கூறுவர். 'நூற்றுக்கு 1.71 ஆக இருந்தது 0.94 ஆயிற்று, அதாவது நூற்றுக்கு ஒருவரினும் குறைவாகவே பயனடைந்தனர்' என்னலாம். '130 பேர் ஏறக்குறைய ஐந்தாண்டு மருந்துண்டால் ஒருவர் மாரடைப்பினின்று தப்புவர்' என்றும் கூறலாம். மூன்றும் உண்மை; கேட்போர் உள்ளத்தில் எழும் ஓவியம் மூன்றும் வேறு. முதலாவதை மட்டும் விளம்பரப்படுத்துவோரைக் காணுந்தோறும், 'எத்துணையில் நூற்றுக்கு 45?' என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டாயிற்று; நம் விடுதித் தோழியர்க்கு இது பெருந்தொல்லை. ஆஸ்பிரினால் குருதிக்கசிவு என்னும் தீங்கும் உண்டு. ஆகலின் நோயற்றோர் அனைவரும் அதனை உட்கொள்க என்று மருத்துவர் இன்று கூறுவதில்லை. சிறிய நன்மையோடு அதனை ஒத்த சிறிய தீமையும் வரின் தராசு எப்பக்கம் சாயும் என்பது கெழுவைப் பார்த்து அறியக்கூடியதன்று.

மீண்டும் தருமபுரிக்கு வருவோம். 826 என்பது 913 ஆயிற்று. இஃது எதன் விளைவு? விளைவளவு என்னும் பெயரே காரணம் தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருதலின் இவ்விடத்து விழிப்பு வேண்டும். வேண்டாத பெண்மகவை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. 2001-இல் தருமபுரிக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிந்தது. கருவிலே ஆணா பெண்ணா என்று கண்டு சொல்லுதலைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பெற்றது. 1990-களின் பிற்பகுதியில் டென்மார்க்கு நாட்டு உதவியுடன் நடந்த நலவாழ்வுத் திட்டத்தின்கீழ்க் கலைக்குழுவினர் நம் மாவட்டத்து ஊர்தோறும் சென்று பெண்சிசுக்கொலைக்கு எதிரான நாடகங்களை நடித்தனர். இவற்றோடு பள்ளிக்கூடமும், சாலையும், பெண்டிர் சுயஉதவிக் குழுக்களும் உடன்வந்தன. 2011-இல் எண்ணப்பட்ட குழந்தைகள் 2004 முதற்கொண்டு பிறந்தோர். அவர் பிறக்குங்கால் இவையனைத்தும் களத்தில் இருந்தன. 87 என்னும் உயர்வில் இதற்கு இத்துணை, அதற்கு அத்துணை என்று பங்கிட்டுக் கொடுக்க அந்த ஓரெண்ணால் இயலாது.

மிகத் தாழ்ந்திருந்த எண் மறுமுறை அளக்கும்போது தானே சற்று ஏறும் என்பதும் புள்ளியியலார் அறிந்த உண்மை. தேர்வில் கடைசி இடம் பெற்றவன் அடுத்த தேர்வில் படியாமலே ஓரிடம் ஏறுவதில்லையா? அத்தகைய ஏற்றமோ இது என்று நாமும் ஐயுற்றோம். ஆனால் ஒரு சிற்றூரின் நூறு குழந்தைகள் வேறு. ஒரு மாவட்டத்தின் 1,67,940 குழந்தைகள் வேறு. இத்துணைத் தொகையில் தற்செயலான ஊசலாட்டம் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 9-க்கு மேல் இப்பக்கமோ அப்பக்கமோ போதல் அரிது. 87 அதனினும் பன்மடங்கு. அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுமையும் 942-லிருந்து 943-க்கு மட்டுமே நகர்ந்தது. சேலமோ 851-லிருந்து 916-க்கு ஏறியது. முன்னர் 950-க்கு மேல் இருந்த கடலூர் 896-க்கு இறங்கியது. ஆகவே மாநிலம் முழுதும் வீசிய காற்றொன்று நம்மையும் தூக்கிச் சென்றது என்று கூற வழியில்லை. தொல்லை மிக்கதெனக் கண்டு முயற்சி குவிந்த இடங்களில் எண் ஏறியது, எவரும் கவலாதிருந்த ஓரிடத்தில் இறங்கியது என்ற அளவிற்கு மட்டுமே நாம் கூறத் துணிவோம். கடலூரின் இறக்கமும் கோஹன் வாய்பாட்டில் 'சிறிது' என்னும் வரிசையை எட்டாது. அவ்வாய்பாட்டை நம்பி எவரேனும் கண்மூடியிருந்தால் அவ்விறக்கத்தையே காணாது விட்டிருப்பர்.

நம் முகாம் அறிக்கையைத் திருத்தி எழுதினோம். '818' என்பதை அடித்துவிட்டு, '100 குழந்தைகள். பெண் 45, ஆண் 55. இத்துணைச் சிறுதொகையிலிருந்து ஊரின் இயல்பைக் கூறவியலாது' என்று எழுதினோம். 'இத்துணை வறட்சியாய் எழுதினால் யார் படிப்பார்?' என்று உடன்வந்த தோழியர் குறைப்பட்டனர். குறைபட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் முதல் அறிக்கை அச்சேறியிருந்தால் அவ்வூர்த் தாய்மார் செய்யாத குற்றத்தை அவர்மேல் ஏற்றியிருப்போம். ஏழு நாள் நமக்குச் சோறிட்டவர்கள் அவர்கள்.

2021-இல் நிகழ்ந்திருக்கவேண்டிய குடிக்கணக்கு நடைபெறாமற் போயிற்று. 2027 மார்ச்சு முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கு எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. அதன் எண் வெளிவரும் நாளில் செய்தித்தாள்கள் 'உயர்ந்தது' என்றோ 'தாழ்ந்தது' என்றோ கொட்டை எழுத்தில் எழுதும். அன்று நம் மாவட்டத்து எண்ணைப் பார்ப்போர் 913-லிருந்து ஏறத்தாழ 12-க்குள் நிற்கும் மாற்றம் எதனையும் தற்செயல் ஊசலாட்டமாகவும் கொள்ள இடமுண்டு என்பதை முதலில் நினைவிற்கொள்க. அதற்கு மேற்பட்டதாயின், அவ்வேற்றுமையை அன்றைய ஆண் குழந்தைகளின் தொகையால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, எத்துணைப் பெண் குழந்தைகள் என்பது வரும். அவ்வெண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ள நாம் இப்போதே எண்ணியிருக்கின்றோம்.